அம்மாவுக்கு ஒரு லேயர்

என் தம்பி வீடு கட்டினான். புதுமனை புகுவிழாவுக்கு பேனர் செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. செய்வதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த பேனரில் எங்கள் அம்மாவின் படம் வேண்டாம் என்று முடிவாகியிருந்தது. முடிவு செய்தவர்களில் முதல் ஆள் அம்மாவேதான். அடுத்த ஆள், எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் தலையாட்டிய நான். தலையாட்டிவிட்டு இரண்டு வாரம் உலைபோல உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால், லேயர் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்த கதையைச் சொல்லியாக வேண்டும். அது புரியாமல் இருந்திருந்தால் அந்த பேனர் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

தஞ்சாவூரில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் கடை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று மனிதர்கள் வாழ்க்கையில் நாலைந்து தடவையாவது எங்களிடம் வந்துதான் ஆகவேண்டும். நான் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு தமிழ்த் தட்டச்சு படித்தவள். பெயர்களை அடித்துக் கொடுக்கத்தான் அங்கே சேர்ந்தேன். படங்களை வெட்டி ஒட்டி வடிவமைப்பதெல்லாம் முதலாளி. அவருக்கும் என் வயதுதான் இருக்கும், ஆனாலும் சார் என்றுதான் கூப்பிடுவேன். ஒரு தை மாதம் முகூர்த்த வேலை தலைக்கு மேல் போனபோது, என்னைப் பக்கத்து கம்ப்யூட்டரில் உட்காரவைத்து, இனிமேல் நீங்களும் டிசைன் பண்ணுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

திரையின் வலது ஓரத்தில் ஒரு பட்டியல் இருக்கும். பிள்ளையார் படம் ஒரு வரி, குழந்தையின் படம் ஒரு வரி, பெயர் ஒரு வரி, பின்னால் இருக்கும் வானம் ஒரு வரி. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கண். இதெல்லாம் லேயர் என்றார் சார். எனக்கு அந்தப் பட்டியலைக் கண்டாலே ஆகவில்லை. வேலை முடிய முடிய அது குறைவதற்குப் பதில் நீண்டுகொண்டே போனது. முடிந்த வேலை இப்படியா பிரிந்து பிரிந்து கிடக்கும்? கன்ட்ரோலையும் ஈ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் இரண்டு லேயர் ஒட்டி ஒன்றாகிவிடும் என்று ஒருநாள் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து அந்த இரண்டு விசையும்தான் எனக்குக் குலதெய்வம். ஒரு முகத்தை வைப்பேன், ஒட்டுவேன். ஒரு பெயரை வைப்பேன், ஒட்டுவேன். முடிக்கும்போது பட்டியலில் ஒரே ஒரு வரிதான் இருக்கும். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு நிம்மதி.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் அம்மா அறுப்பு அறுத்தவள். மேற்கே கறுத்துவிட்டால், வயலில் அறுத்துப் போட்ட நெல் அரியையெல்லாம் அள்ளிக் கட்டாகக் கட்டிக் களத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். பரப்பிக் கிடந்தால் மழை கொண்டுபோகும். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் அவளோடு கட்டுக் கட்டியிருக்கிறேன். கடையில் மழை கிடையாது, கரண்ட் உண்டு. அது போனால் யுபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும். சிதறிக் கிடப்பது போய்விடும், கட்டியதுதான் நிற்கும் என்று என் கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்தப் புத்திக்கு அடி விழுந்தது ஒரு காதணி விழாவில். திருவையாற்றுப் பக்கத்துக் குடும்பம். பேனரைப் பார்த்துப் பார்த்துச் செய்து, எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டி வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் குழந்தையின் தாய்மாமன் நேரில் வந்து நின்றார். பெரியப்பா தலையைவிடத் தன் தலை சின்னதாக இருப்பதைப் பார்த்துவிட்டார். எங்கள் பக்கம் காதுகுத்து பேனரில் தாய்மாமன் தலை சிறுத்தால், குழந்தையை மடியில் உட்காரவைக்க ஆள் வராது. அவர் மரியாதையாகத்தான் கேட்டார், கொஞ்சம் பெருசாக்கி விடுங்கம்மா, வேற ஒண்ணும் வேண்டாம் என்று. அவர் தலையை மட்டும் பிடித்து இழுக்கப் பார்த்தேன். தலையோடு தாமரைப்பூவும் வானமும் பெரியப்பாவின் காதும் சேர்ந்து வந்தன. வெட்டினால் அந்த இடத்தில் ஓட்டை. வேறு வழியில்லாமல் முதலிலிருந்து ஆரம்பித்து மத்தியானம் முடித்தேன். முடித்த கையோடு என்ன செய்தேன் என்றால், பழையபடி எல்லாவற்றையும் ஒட்டி வைத்தேன். பட்டும் புத்தி வராத ஜென்மம். மூன்று மணிக்குப் பெரியப்பா வந்தார்.

சார் திட்டவில்லை. நீங்க பேனர் பண்ணல, சுண்ணாம்பு அடிக்கிறீங்க என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷின் அறைக்குள் போய்விட்டார். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மெஷின் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு. அன்றைய வேலைகளை அதில்தான் மார்க்கர் பேனாவால் எழுதி வைப்போம். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால், ‘காதணி’ என்று நான் எழுதிய வார்த்தை, அந்தப் பக்கம் நின்ற சாரின் மூக்குக்குக் கீழே சரியாக மீசை மாதிரி உட்கார்ந்திருந்தது. எரிச்சலோடு எழுந்துபோய் இரண்டு பக்கமும் நீட்டி முறுக்கிவிட்டேன். அவர் கவனிக்கவில்லை. ரோலை மாட்டுவதற்காக நகர்ந்து போனார். மீசை அதே இடத்தில் நின்றது. இப்போது அது சுவரில் தொங்கிய காலண்டருக்கு முளைத்த மீசை. விரலால் ஒரு முனையைத் துடைத்தேன். காலண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்படியே நின்றுவிட்டேன். மீசை அவர்மேல் இல்லை, கண்ணாடிமேல் இருக்கிறது. அவர் நடக்கலாம், மீசையை அழிக்கலாம், பெரிதாக்கலாம். ஒன்றை ஒன்று தொடவே இல்லை, நான் நிற்கிற இடத்திலிருந்து பார்க்கும்போதுதான் ஒரே படமாகத் தெரிகிறது. கண்ணாடியில் எழுதாத இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாததால்தான் பின்னால் இருப்பது தெரிகிறது. திரையில் சாம்பலும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கட்டம் தெரியுமே, அதை ஏதோ கோலம் என்று நினைத்து வெள்ளை வண்ணம் ஊற்றி மெழுகிக்கொண்டிருந்தேன். மெழுகியதும் கீழே இருந்ததெல்லாம் காணாமல் போகும், நான் பதறுவேன். அது கோலம் இல்லை, எழுதாத கண்ணாடி.

திரும்பிப் போய் மூன்றாவது தடவையாக அந்த பேனரைச் செய்தேன். எதையும் ஒட்டவில்லை. தாய்மாமனும் பெரியப்பாவும் அடுத்தடுத்து வந்து ஆளுக்கொரு திருத்தம் சொன்னார்கள். சொல்லச் சொல்ல அவர்கள் கண்ணெதிரிலேயே தலைகளைப் பெருக்கிக் கொடுத்தேன். கடைசியில் குழந்தையின் தலைதான் ஆகச் சின்னதாக இருந்தது. அதைப் பற்றி யாருக்கும் வருத்தமில்லை.

அதன் பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. பட்டியலில் மேலே இருக்கிற வரி படத்தில் முன்னால் நிற்கும், கீழே இருக்கிறது பின்னால் நிற்கும். கண்ணைச் சொடுக்கினால் அந்த லேயர் மறையும், மறுபடி சொடுக்கினால் வரும். மாஸ்க் என்று ஒன்று இருக்கிறது. அழிப்பானால் அழித்து ஃபைலைச் சேமித்து மூடிவிட்டால் போனது போனதுதான், ஆனால் மாஸ்க்கில் கறுப்பைத் தடவினால் அந்த இடம் மறைய மட்டும் செய்யும். வெள்ளையைத் தடவினால் அச்சு அசலாகத் திரும்பி வரும். இது புரிந்த அன்று பேருந்தில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

இனி வீட்டுக் கதை. என் தம்பி பள்ளிக்கூட ஆசிரியர். எங்கள் கூரைவீடு நின்ற அதே இடத்தில்தான் கட்டினான். கட்டி முடிக்கும்வரை அம்மா சும்மா இருக்கவில்லை. அறுபதை நெருங்கிய வயதில் தலையில் சும்மாடு வைத்துச் செங்கல் சுமந்தாள். தம்பி எவ்வளவோ சொல்லிப் பார்த்தான், கேட்கவில்லை. கொத்தனாரே அவளுக்குப் பயந்துதான் வேலை செய்தார்.

பேனரில் யார் யார் என்று பேச்சு வந்தபோது, மேலே அப்பா படம், ‘ஆசியுடன்’ என்ற வரி. கீழே தம்பி, அவன் மனைவி, பிள்ளைகள், சம்பந்தி வீட்டார், நான். அம்மா தானாகவே சொன்னாள், நல்ல காரியத்துல என் மூஞ்சி எதுக்கு என்று. அப்பா போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. கணவனை இழந்தவளின் முகத்தை மங்கல காரியத்து பேனரில் போடுவதில்லை என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் அப்படித்தான் நடக்கிறது. எத்தனையோ வீட்டு பேனர்களில் தாயின் படம் இல்லாததைப் பார்த்தும், ஏன் என்று கேட்காமல் செய்து கொடுத்தவள்தான் நான். என் வீட்டுக்கு வந்தபோதுதான் சுட்டது. தம்பி தரையைப் பார்த்தான். அவன் மறுத்துப் பேசுவான் என்று நான் காத்திருந்தேன், நான் பேசுவேன் என்று அவன் காத்திருந்தான் போலிருக்கிறது.

அப்பாவுக்கு இருப்பது ஒரே படம். கல்யாணமான புதிதில் திருவையாற்றில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. ஒரு புயலில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது நனைந்து, சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அதனால் கண்ணாடியோடு சேர்த்தே படம் பிடித்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அப்பா நிற்கிறார். அவருக்கு அரையடி முன்னால் அம்மா. பத்தொன்பது வயது. நெற்றியில் பெரிய பொட்டு, தலை நிறைய மல்லிகை. அவள் தலையும் பூவும் அப்பாவின் இடது தோளை முழுதாக மறைத்திருந்தன.

பேனருக்கு அப்பா மட்டும் வேண்டும். பழைய பழக்கத்தில் கை அழிப்பானுக்குப் போனது. அம்மாவின் முகத்தின் மேல் அந்த வட்டத்தை வைத்துவிட்டேன். ஆனால் அழுத்த மனம் வரவில்லை. படத்தை இன்னொரு லேயராக நகலெடுத்து, மாஸ்க் போட்டு, அம்மாவை மறைத்தேன். மறைத்ததும் அப்பாவின் தோள் இருக்க வேண்டிய இடத்தில் அம்மாவின் உருவத்தில் ஒரு வெற்றிடம் தெரிந்தது. புகைப்படத்தில் லேயர் கிடையாது. அவள் பின்னால் இருந்த தோளை அந்தக் கேமரா பார்க்கவே இல்லை. அப்பாவின் வலது தோளை நகலெடுத்து, திருப்பி, இடது பக்கத்தில் பொருத்தினேன். நன்றாகத்தான் பொருந்தியது. சார்கூட எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, பால் காய்ச்சப் பித்தளைப் பானை வாங்க அம்மா தஞ்சாவூருக்கு வந்தாள். பானையோடு கடைக்கும் வந்தாள். நான் வேலை செய்வதை அவள் பார்த்ததே இல்லை. சார் நாற்காலி போட்டுக் கொடுத்தார். பானையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பெரிதாக்கிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“தோளு அவருது இல்லையே.”

எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன்.

“அந்தத் தோளு எறங்கியிருக்கும். நெல்லு மூட்டை ஏத்துன தோளு. சட்டை போட்டாக்கூட ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு நிக்கும். அது தெரியக்கூடாதுன்னுதான் போட்டோக்காரரு என்னை அங்க நிக்க வெச்சாரு.”

அப்பாவோடு பதினைந்து வருடம் இருந்த எனக்கு இது தெரியாது. தெரிந்த ஒரே ஆளைத்தான் நான் மறைத்து வைத்திருந்தேன். மாஸ்க்கை நீக்கிக் காட்டினேன். மல்லிகையும் பொட்டுமாக அவள் அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள். அம்மா நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தாள்.

“நான் உள்ளயா இருந்தேன்?”

ஆமாம்மா, நான் அழிக்கவில்லை, மறைத்துத்தான் வைத்திருந்தேன் என்றேன். சொன்ன வேகத்தில் எனக்கு ஒரு குறுக்குவழி தோன்றியது. இந்தப் படத்தில் அவள் பூவும் பொட்டுமாக இருக்கிறாள், பக்கத்தில் அப்பா உயிரோடு நிற்கிறார். இதை அப்படியே போட்டுவிட்டால் எந்தச் சொந்தக்காரரும் வாயைத் திறக்க முடியாது. சந்தோஷம் தாங்காமல் அதைச் சொன்னேன். அம்மா அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுப்பாகத் தலையை ஆட்டினாள்.

“அந்தப் பொண்ணு வேணாம். இந்த வீட்டுக்குக் கல்லு சுமந்தது அவ இல்லடி, நான். போடுறதுன்னா என்னைப் போடு.”

சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்று கடையைச் சுற்றிப் பார்த்தாள். நான் அழுதுவிட்டேன். பல வருடமாக அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அழுததற்காகக் கோபம் வந்து, சரி எழுந்திரு, முகத்தைக் கழுவு என்று அவளைத்தான் விரட்டினேன்.

வெள்ளைச் சுவருக்கு எதிரில் நிற்கவைத்து என் போனிலேயே எடுத்தேன். பொட்டில்லாத நெற்றி, நரைத்த முடி, வெயிலில் கறுத்த கன்னம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகப் பார்த்தாள். சிரி என்றால் சிரிக்கவில்லை. பானையை யார் கையிலும் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டதால், அதையும் காலடியில் வைத்துக்கொண்டுதான் நின்றாள். பிறகு அப்பாவின் தோளைச் சரிசெய்தோம். அவள் திரையில் விரலை வைத்துச் சரிவைக் காட்டினாள், நான் இறக்கினேன். இன்னும், இன்னும் கொஞ்சம் என்றாள். போதும் என்று அவள் சொன்னபோது, என் அப்பா அந்தப் படத்தில் முதல்முறையாகத் தன் சுமையோடு நின்றார்.

தம்பிக்குப் படத்தை அனுப்பிவிட்டு, சண்டைக்குத் தயாராகப் போன் செய்தேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அவன் ஒரு வார்த்தை சொன்னால் நான் பத்து வார்த்தை சொல்ல வைத்திருந்தேன். வகுப்பறைச் சத்தம் மட்டும் கேட்டது. எங்கேயோ நடந்துபோய் நின்றான்.

“அம்மாவை ஏன்க்கா எனக்குப் பின்னாடி வெச்ச?” என்றான். “முன்னாடி கொண்டா. சம்பந்தி வீட்டுல கேட்டா நான் சொல்லிக்கிறேன்.”

அப்போதுதான் கவனித்தேன். கோபமெல்லாம் பேசிய நான், அம்மாவைப் பின்வரிசையின் ஓரத்தில், பாதி முகம் தம்பியின் தோளுக்குப் பின்னால் மறையும்படிதான் வைத்திருந்தேன். யாரும் என்னை அப்படி வைக்கச் சொல்லவில்லை, என் கையே அங்கே கொண்டுபோய் வைத்தது. நாந்தான்க்கா முதல்லயே கேட்டிருக்கணும் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். நான் உம் கொட்டிக்கொண்டே அம்மாவின் லேயரைப் பிடித்து மேலே இழுத்தேன். தம்பி மனைவியைத் தாண்டி, தம்பியைத் தாண்டி, எல்லா வரிக்கும் மேலே. அவள் தோள் தம்பியின் கையை மறைத்துக்கொண்டு நின்றது. பேனருக்கு நடுவில் இப்போது அவள்தான்.

சார் எங்கள் வேலையை அன்றைக்கே அச்சுக்கு எடுத்துக்கொண்டார். அம்மாவை மெஷின் பக்கத்திலேயே நிற்கவிட்டார். ஃப்ளெக்ஸ் மேலிருந்து கீழாக, கொஞ்சம் கொஞ்சமாக அச்சாகி வெளியே வரும். முதலில் அப்பா வந்தார். தோள் சரிந்திருந்தது. பிறகு எழுத்துகள் வந்தன. பிறகு நரைத்த வகிடு ஒன்று வந்தது. அம்மா குனிந்தாள். நெற்றி, கண், மூக்கு என்று ஒரு ஜாண் அளவுக்குத் தன் முகம் வந்து சேரும்வரை மூச்சுவிடாமல் பார்த்தாள். கை தானாக நீண்டது. ஈரம்மா, காயட்டும், தொடாதே என்றேன். கையை இழுத்துக்கொண்டாள்.

காய்ந்ததும் தொடலாம் என்றேன். அப்பாவை முதலில் தொடுவாள் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் பேரப்பிள்ளைகளை. அவள் தன் முகத்தைத்தான் தொட்டாள்.